எந்த மடிக்கு இந்தப் புத்தகம்?

புத்தகக் கடைக்குள் போனால் மற்றவர்கள் அட்டையைப் பார்ப்பார்கள், விலையைப் பார்ப்பார்கள். நான் முதுகைத் தடவிப் பார்ப்பேன். 38 வருஷம் பெங்களூரு அச்சகங்களில் பைண்டிங் பிரிவில் இருந்தவனுடைய கை வேறெங்கே போகும்? பின் சரியாக மடிந்திருக்கிறதா, பசை தாளைப் பிடித்திருக்கிறதா, வெட்டு நேராக விழுந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதற்கே வருவேன்.

அப்படிப்பட்டவன் சொந்தப் பேரனுக்கு வாங்கிய முதல் கிறிஸ்துமஸ் பரிசிலேயே கோட்டை விட்டேன்.

அவனுக்கு அப்போது ஒன்றரை வயது. லிங்கராஜபுரத்தில் எங்கள் தெரு முழுக்க வாசலுக்கு ஒரு நட்சத்திரம் தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் குல்குல் சுடும் வாசனை. நான் எம்.ஜி. ரோடு பக்கம் போய், பிரித்தால் காடே எழுந்து நிற்கும் ஓர் ஆங்கிலப் புத்தகம் வாங்கி வந்தேன். 1,400 ரூபாய். சிங்கத்தின் வாய் திறக்கும், குரங்கு கிளையில் ஆடும். அதை மடித்து ஒட்டியிருந்த நேர்த்தியைப் பார்த்து நானே அரை மணி நேரம் விளையாடினேன். இருபத்தாறாம் தேதி சிங்கத்தின் தலை போனது. இருபத்தெட்டாம் தேதி குரங்கு. புத்தகம் பீரோ மேல் ஏறியது.

கிழிந்தது எனக்குப் பெரிதாகப் படவில்லை, ஒட்டிக்கொள்ளலாம். என் மனைவி சொன்னதுதான் உறைத்தது. "நீங்க வாங்கினு வந்த புக்கு நல்லாத்தான் இருக்குது. ஆனா அத நான் இன்னான்னு படிச்சுக் காட்டுவேன்? சிங்கம்னு சொல்றேன், குரங்குன்னு சொல்றேன், அதோட முடிஞ்சு போச்சு. மீதி கத யாருக்குத் தெரியும்?"

பையனும் மருமகளும் காலையில் வேலைக்குப் போனால் பகல் முழுக்கக் குழந்தை அவள் மடியில்தான். அவளுக்குத் தமிழ் நன்றாகப் படிக்க வரும், ஆங்கிலம் வராது. நான் குழந்தையின் வயதைப் பார்த்தேன், அச்சைப் பார்த்தேன், விலையைக்கூடப் பார்க்காமல் வாங்கினேன். யார் படித்துக் காட்டப் போகிறார்கள் என்பதை மட்டும் யோசிக்கவே இல்லை.

படப் புத்தகம் என்பது இரண்டு பேருக்கான பொருள். ஒருவர் படம் பார்ப்பார், இன்னொருவர் குரல் கொடுப்பார். பரிசு வாங்கும்போது இருவரையும் மனதில் வைத்துத்தான் வாங்க வேண்டும். மூன்று கிறிஸ்துமஸ் செலவழித்து நான் கற்றுக்கொண்டது இதுதான்.

நோட்டுப் புத்தகத்தோடு திரும்பிய டாக்டர்

கிறிஸ்துமஸுக்குப் படப் புத்தகம் தேடி அலைந்து ஏமாந்தவர்களில் நான் முதல் ஆள் இல்லை. 1844 டிசம்பரில் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்தில் ஹைன்ரிச் ஹோஃப்மான் என்ற டாக்டர் தன் மூன்று வயது மகனுக்குப் பரிசு வாங்கக் கடைக்குப் போனார். கிடைத்ததெல்லாம் நீளமான கதைகள், இல்லையென்றால் 'நல்ல பிள்ளையாக இரு' என்று புத்தி சொல்லும் புத்தகங்கள். வெறுத்துப்போனவர், எழுதாத ஒரு நோட்டுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார். தானே பாட்டெழுதி, தானே படம் வரைந்து மகனுக்குக் கொடுத்தார். அடுத்த வருஷம் அது அச்சேறியது. தலை வாராத, நகம் வெட்டாத பையனின் பெயரால் 'ஸ்ட்ரூவெல்பேட்டர்' என்று உலகம் முழுக்கப் போனது. விரல் சூப்பும் பையனின் கட்டைவிரலைக் கத்தரிக்கோலால் வெட்டுகிற கதையெல்லாம் அதில் உண்டு, இன்றைய குழந்தைக்கு நான் தரமாட்டேன். ஆனால் தன் பிள்ளையை நினைத்து, தன் குரலில் படிக்க, தன் கையால் ஒருவர் செய்தது என்ற வகையில் அந்த நோட்டுப் புத்தகம் எனக்குப் பிடிக்கும்.

இன்னொருவர் எங்கள் தொழில்காரர். லண்டனில் எட்மண்ட் எவன்ஸ் என்று ஓர் அச்சுக்காரர் இருந்தார். வண்ணத்துக்கு ஒரு மரக்கட்டை என்று செதுக்கி, ஒன்றின் மேல் ஒன்றாக, இம்மி விலகாமல் அச்சடிப்பார். ராண்டால்ஃப் கால்டெகாட் என்ற ஓவியரைத் தேடிப்பிடித்துப் படப் புத்தகம் போட வைத்தவர் அவர்தான். 1878இல் தொடங்கி ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் இரண்டு புத்தகங்கள், விலை ஒரு ஷில்லிங். எட்டு வருஷத்தில் 16 புத்தகங்கள். அமெரிக்காவில் சிறந்த படப் புத்தக ஓவியருக்கு 1938 முதல் தரப்படும் பரிசு இந்த கால்டெகாட்டின் பெயரில்தான் இருக்கிறது. வரியில் இல்லாத விஷயத்தைப் படத்தில் சொன்னவர் என்பது அவருடைய பெருமை. வரி ஒன்று சொல்லும், பக்கத்து மூலையில் ஒரு நாய் வேறொரு கதை நடத்திக்கொண்டிருக்கும்.

கடையில் நான் செய்யும் முதல் சோதனை இதிலிருந்து பிறந்ததுதான். புத்தகத்தைத் திறந்து எழுத்து இருக்கும் இடத்தைக் கையால் மறைத்துக்கொள்வேன். படம் மட்டும் என்னோடு பேசுகிறதா என்று பார்ப்பேன். வரியில் 'பூனை பாயில் படுத்தது' என்றிருக்கிறது, படத்திலும் பூனை பாயில் படுத்திருக்கிறது, அவ்வளவுதான் என்றால் குழந்தை இரண்டாம் முறை அந்தப் பக்கத்தில் நிற்காது. பாய்க்கு அடியில் எலியின் வால் தெரிந்தால் நூறு முறை நிற்கும். அந்த வாலைக் கண்டுபிடித்தது தான்தான் என்று அதற்கு ஒரு கர்வம் வரும்.

சாம்பியன் ரீஃபில் விழுந்த பனி

நான் பிறந்தது கோலார் தங்கவயல், சாம்பியன் ரீஃப். அப்பா சுரங்கத்துக்குள் இறங்கும் தொழிலாளி. லைன் வீட்டில் ஒரே அறை. கிறிஸ்துமஸுக்குப் புதுச் சட்டை கிடைக்கும், அச்சு முறுக்கு கிடைக்கும், புத்தகமெல்லாம் கிடைக்காது. எனக்கு ஏழு வயதானபோது யூனியனில் இருந்த அப்பாவின் சிநேகிதர் ஒருவர் கிறிஸ்துமஸ் அன்றைக்கு ஒரு புத்தகத்தோடு வந்தார். அவருக்கும் கோயிலுக்கும் சம்பந்தமே கிடையாது. சிவப்புக் கட்சிக்காரர். மாஸ்கோவில் தமிழிலேயே அச்சடித்த சோவியத் குழந்தைப் புத்தகம் அது. நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் மூலமாக அந்தக் காலத்தில் அவை தமிழர் இருக்கும் ஊர்களுக்கெல்லாம் மலிவாக வந்துகொண்டிருந்தன.

பெரிய பெரிய பக்கங்கள். பனி மூடிய வீடுகள், கம்பளித் தொப்பி போட்ட ஒரு பையன், அவனோடு ஒரு கரடி. பனியைப் பார்த்திராத நான், சுரங்கத்திலிருந்து அரைத்துக் கொட்டிய மண் மேடுகளை ஜன்னல் வழியாகப் பார்த்து அதுதான் பனி என்று நினைத்துக்கொண்டேன். நிலா வெளிச்சத்தில் அந்த மேடுகள் வெளுப்பாகத்தான் இருக்கும்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்தால் சாப்பிட்டுப் படுத்துவிடுவார். நாலாம் வகுப்புப் படித்த அக்காதான் படித்துக் காட்டினாள். கரடி பேசினால் குரலைக் கனமாக்குவாள். சுரங்கத்தை 2001இல் மூடினார்கள், லைன் வீடு கைவிட்டுப் போயிற்று, புத்தகம் எங்கே போனதென்று தெரியாது. அந்தக் கரடியின் குரல் மட்டும் அக்காவின் குரலாக இன்னும் காதில் இருக்கிறது.

பைண்டரின் விரல் சோதனை

வாங்கும்போது கையால் பார்க்க வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். இது எனக்குத் தெரிந்த தொழில்.

படப் புத்தகத்தில் பக்கங்களை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் 16, 24, 32 என்று எட்டின் மடங்காக இருக்கும். பெரிய தாளில் இரண்டு பக்கமும் அச்சடித்து மடித்தால் அப்படித்தான் விழும். சின்னக் குழந்தைகளின் மெல்லிய புத்தகத்துக்கு நடுவில் கம்பி போட்டு மடிக்கும் சென்டர் பின் கட்டுதான் நல்லது. விரித்தால் மடியில் சப்பையாகக் கிடக்கும், படம் நடு மடிப்புக்குள் ஒளிந்துகொள்ளாது. முதுகில் பசை மட்டும் போட்டு ஒட்டும் பெர்ஃபெக்ட் பைண்டிங் கடையில் பார்க்க அழகு. இரண்டு வயதுக் குழந்தை அதை முழுக்க விரித்து அழுத்தினால் பக்கம் பக்கமாகக் கழன்று வரும். கெட்டி அட்டைப் புத்தகமென்றால் உள்ளே நூல் தையல் இருக்கிறதா என்று நடுப்பக்கத்தைப் பிரித்துப் பாருங்கள். தைத்த புத்தகம் தம்பி தங்கை காலம்வரை வரும்.

சென்டர் பின் இருந்தால் உள்பக்கம் விரலை ஓட்டுங்கள். கம்பியின் முனை தூக்கிக்கொண்டிருந்தால் குழந்தையின் விரலில் கீறும். மினுமினுப்புத் தூள் ஒட்டியதை, கடித்துப் பார்க்கும் வயதுக்கு வாங்காதீர்கள். படத்தின் ஓரத்தில் சிவப்போ நீலமோ நிழல் போல விலகித் தெரிந்தால் ரெஜிஸ்டர் தப்பிய அச்சு. பெரியவர்கள் கண்ணுக்கு அது சின்னக் குறை. படத்தையே படிக்கும் குழந்தைக்கு அது எழுத்துப் பிழை.

வயதுக்கணக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதுதான் தெளிவாகத் தெரியும். மடியில் கிடக்கும் குழந்தைக்கும் நம் முகத்துக்கும் இருக்கிற தூரம் அது. அந்த வயதில் கறுப்பு வெள்ளையாக, பெரிய வடிவமாக நாலைந்து படம் போதும். கைக்குழந்தைக்குப் புத்தகமா என்று கேட்பவர்கள் உண்டு. பிறந்த நாளிலிருந்தே படித்துக் காட்டச் சொல்லுங்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் 2014இல் தன் டாக்டர்களுக்கு வழிகாட்டியிருக்கிறது. கதை புரிவதற்காக இல்லை, குரல் பழகுவதற்காக.

ஒரு வயதைத் தொட்டதும் முனை மழுங்கிய கனத்த அட்டைப் புத்தகம். பந்து, தட்டு, செருப்பு என்று அதன் வீட்டில் இருக்கும் சாமான்கள் அதில் இருக்க வேண்டும். கடிக்கும், எறியும், அதுவும் படிப்புதான். இரண்டு மூன்று வயதில் சத்தமும் திரும்பத் திரும்ப வரும் வரியும் வேண்டும். அடுத்த வரி தனக்குத் தெரியும் என்று குழந்தை நமக்கு முன்னால் கத்தும். நாலு வயதுக்கு மேல் கதை, சண்டை, பயம், தேடிக் கண்டுபிடிக்கும் படம். எழுத்தே இல்லாத படப் புத்தகத்தைக் காசுக்கு நஷ்டம் என்று ஒதுக்காதீர்கள். படிக்கத் தெரியாத பாட்டிக்கும் பேத்திக்கும் அதைப் போல ஒரு பரிசு கிடையாது.

கடைசிச் சோதனை கொஞ்சம் வெட்கத்தை விட வேண்டிய சோதனை. கடையிலேயே நின்று இரண்டு பக்கம் வாய்விட்டுப் படியுங்கள். பிடித்துவிட்டால் குழந்தை ஒரே புத்தகத்தை நாற்பது முறை கேட்கும். நாற்பதாவது முறையும் உங்கள் நாக்குக்குச் சலிக்காத வரியா என்று நாக்குதான் சொல்லும். மொழிபெயர்த்த தமிழ் கரடுமுரடாக இருந்தால் அங்கேயே தட்டிவிடும்.

இரண்டாவது கிறிஸ்துமஸ்: யானைத் தும்மல்

அடுத்த வருஷம் நான் புத்தி தெளிந்து கிளம்பினேன். நம் பக்கத்துக் குழந்தைப் புத்தகங்கள் எவ்வளவு மாறியிருக்கின்றன என்று அப்போதுதான் பார்த்தேன். முன்பெல்லாம் டில்லியிலிருந்து வருபவைதான். 1957இல் கார்ட்டூனிஸ்ட் சங்கர் தொடங்கிய சில்ரன்ஸ் புக் டிரஸ்டும், அதே வருஷம் பிறந்த நேஷனல் புக் டிரஸ்டும் மலிவு விலையில் போட்டவை. பிறகு சென்னையில் வரிசையாகத் தொடங்கினார்கள். 1994இல் கீதா உல்ஃபின் தாரா புக்ஸ், 1996இல் ராதிகா மேனனின் தூலிகா, அதே வருஷம் கரடி டேல்ஸ். 2004இல் நம் பெங்களூருவிலேயே பிரதம் புக்ஸ்.

தாராவின் 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' புத்தகத்தை முதன்முதலில் கையில் வாங்கியபோது பைண்டராகப் பொறாமைப்பட்டேன். கறுப்புக் கைத்தாள், மத்தியப் பிரதேசத்துக் கோண்டு ஓவியர்கள் வரைந்த மரங்கள், ஒவ்வொரு தாளையும் கையாலேயே சில்க் ஸ்கிரீன் முறையில் அச்சடித்து, கையாலேயே தைத்திருக்கிறார்கள். முகர்ந்தால் மை வாசனை வரும். 2006இல் வந்து 2008இல் இத்தாலியின் போலோஞா குழந்தைப் புத்தகச் சந்தையில் பரிசு வாங்கியது. ஆனால் அது இரண்டு வயதுக்கான புத்தகம் இல்லை. கையைக் கழுவிக்கொண்டு வரச் சொன்னால் கழுவிக்கொண்டு வரும் வயதுக்கானது. எனக்கே வாங்கிக்கொள்ளலாமா என்று யோசித்து வைத்துவிட்டு வந்தேன்.

பேரனுக்கு எடுத்தது தூலிகாவின் 'கஜபதி குலபதி'. அசோக் ராஜகோபாலன் எழுதி வரைந்தது. ஒரு பெரிய யானைக்கு ஜலதோஷம் பிடித்துத் தும்மல் வருகிறது, அவ்வளவுதான் கதை. தூலிகா ஒன்பது மொழிகளில் புத்தகம் போடுகிறது. ஒரே பக்கத்தில் ஆங்கிலமும் இன்னொரு மொழியுமாக இரட்டை மொழிப் பதிப்புகளும் போடுகிறது. தமிழைப் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாத அப்பா அம்மாக்கள் நிறைந்த இந்த ஊருக்கு அது எவ்வளவு தோதானது என்று விளக்க வேண்டியதில்லை. என் மகனே அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம், கன்னடம், இந்தி படித்தான். தமிழ் வாயில் மட்டும் இருக்கிறது.

தும்மல் பக்கம் வந்ததும் என் மனைவி புடவைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, மூச்சை இழுத்து, பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி ஒரு தும்மல் போட்டாள். பேரன் பயந்தான், சிரித்தான், "ஆயா, இன்னொரு வாட்டி" என்றான். அன்றைக்கு ராத்திரிக்குள் பதினோரு தடவை. பதினோராவது தடவை நிஜமாகவே அவளுக்கு ஜலதோஷம் வந்துவிடும் போலிருந்தது.

எனக்கு ஒரே பெருமை. அந்தப் பெருமை அடுத்த சனிக்கிழமைவரை இருந்தது.

சனி ஞாயிறு பேரன் விஜயநகரில் இருக்கும் அவன் அம்மா வழிப் பாட்டி வீட்டுக்குப் போவான். அவனுக்கு அவர் அஜ்ஜி. மருமகள் ஹாசன் பக்கத்துப் பெண், கன்னடம். புத்தகத்தையும் பையில் வைத்துக் கொண்டுபோனான். அஜ்ஜிக்குக் கன்னடம் தவிர எதுவும் படிக்கத் தெரியாது. யானை அங்கே தும்மவில்லை. கன்னடப் பதிப்பைத் தேடி இன்னொன்று வாங்கினோம். அதே யானை கன்னடத்திலும் தும்மியதைக் கேட்டு அவனுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஆனால் பையில் எது இருக்கும் என்பது அன்றைய அதிர்ஷ்டம். இரண்டுக்கும் ஒரே அட்டை, ஒரே யானை. "மாவா, தமிழ் புக்கு அங்கே போயிடுது, கன்னட புக்கு இங்கே வந்துடுது" என்று மருமகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பைண்டர் தீர்க்க வேண்டிய பிரச்சினை இது என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

எங்கே தேடலாம்

பெங்களூருவில் படப் புத்தகத்துக்கு அலைய நல்ல நல்ல இடங்கள் இருக்கின்றன. சர்ச் ஸ்ட்ரீட்டில் பிளாசம், புக்வார்ம் இரண்டிலும் பழைய புத்தகங்களுக்கு நடுவே ஆங்கிலப் படப் புத்தகங்கள் பாதி விலைக்குச் சிக்கும். பழைய புத்தகம் பரிசாகுமா என்று கூச்சப்படாதீர்கள், குழந்தைக்கு எல்லாப் புத்தகமும் புதுசுதான். மூலை நசுங்கியிருந்தால் பரவாயில்லை, நடுப்பக்கம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எங்களுக்குப் பக்கத்திலேயே குக் டவுனில் குழந்தைகளுக்கென்றே நடக்கும் லைட்ரூம் கடை இருக்கிறது. தமிழுக்கு அல்சூர் தமிழ்ச் சங்கம் பக்கம் விசாரிக்கலாம். 2022 டிசம்பரில் முதல் தமிழ்ப் புத்தகத் திருவிழா அங்கேதான் நடந்தது. குழந்தைக்கு எந்த மாதிரி பிடிக்கும் என்றே தெரியவில்லையா, வாங்குவதற்கு முன்னால் ஒரு நாள் கப்பன் பார்க்கில் இருக்கும் இந்திரா பிரியதர்சினி குழந்தைகள் நூலகத்துக்குக் கூட்டிப்போங்கள். அது எந்தப் புத்தகத்தைத் தானாக இழுக்கிறது என்று தூரத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

கிறிஸ்துமஸ் பரிசென்றால் கிறிஸ்துமஸ் கதையாகவே இருக்க வேண்டுமா என்று கேட்பார்கள். பனிவண்டியும் கலைமானும் இருக்கிற புத்தகம் ஜனவரியில் பரணுக்குப் போய்விடும். இயேசு பிறப்புக் கதை தருவதாக இருந்தால் மாடும் ஆடும் கழுதையும் பெரிதாக இருக்கும் புத்தகமாகப் பாருங்கள். சிவாஜிநகர் பக்கம் ஆட்டைப் பார்த்து வளர்கிற குழந்தை மாட்டுத்தொழுவத்துக்குள் சட்டென்று நுழைந்துவிடும். மரியாளும் சூசையும் நம் நிறத்தில் இருந்தால் இன்னும் நெருக்கம்.

ஐஸ்லாந்து நாட்டில் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு ஒருவருக்கொருவர் புத்தகம் தந்து, அந்த ராத்திரியே உட்கார்ந்து படிப்பார்களாம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மற்ற சாமான்களுக்கெல்லாம் கெடுபிடி, தாளுக்கு மட்டும் அவ்வளவு இல்லை. அதனால் புத்தகமே பரிசாகிவிட்டது. 1944 முதல் புதுப் புத்தகங்களின் பட்டியல் வெளிவருகிறது. அந்த வழக்கத்தில் எனக்குப் பிடித்தது கொடுத்த ராத்திரியே படிப்பதுதான். நாமும் அதைச் செய்யலாம். பரிசைப் பிரித்ததும் மற்ற பொம்மைகளோடு குவிக்காமல், கேக் வெட்டுவதற்கு முன்னால் ஐந்து நிமிஷம் யாராவது ஒருவர் படித்துக் காட்டிவிட வேண்டும். புத்தகத்தின் முதல் குரல் அன்றைக்கே அதில் ஏறிவிட வேண்டும். முடித்ததும் "இதிலேர்ந்து என்ன கத்துக்கிட்ட?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

மூன்றாவது கிறிஸ்துமஸ்: தலைகீழ்ப் புத்தகம்

பிரதம் புக்ஸ் 2015 செப்டம்பர் 8, உலக எழுத்தறிவு நாளன்று ஸ்டோரிவீவர் என்ற இணையதளத்தைத் தொடங்கியது. இன்றைக்கு நூற்றுக்கணக்கான மொழிகளில் படக்கதைகள் அதில் இலவசமாகக் கிடக்கின்றன. நிலை 1 முதல் 4 வரை பிரித்து வைத்திருக்கிறார்கள். 1 என்றால் வார்த்தையை இப்போதுதான் அடையாளம் காணும் குழந்தைக்கு, 4 என்றால் தானே சரளமாகப் படிக்கும் குழந்தைக்கு. எழுதியவர், வரைந்தவர் பெயரை விடாமல் போட்டால், அந்தக் கதைகளை யாரும் இறக்கிக்கொள்ளலாம், மொழிபெயர்க்கலாம், அச்சடித்தும் கொள்ளலாம். உரிமத்திலேயே அனுமதி உண்டு.

மகன் அதைக் காட்டியபோது எனக்கு ஹோஃப்மான் டாக்டரின் நோட்டுப் புத்தகம் ஞாபகம் வந்தது.

நான் தேர்ந்தெடுத்தது ஸ்ருங்கேரி ஸ்ரீனிவாஸ் என்ற விவசாயியின் கதை. ரோஹிணி நீலேகணி 'நோனி' என்ற புனைபெயரில் எழுதியது. வருஷத்துக்கு ஒரு நாள் முடி வெட்டிக்கொள்ளும் ஸ்ரீனிவாசுக்கு அன்றைக்குப் பார்த்து முடி வெட்டிவிட யாருக்கும் நேரமில்லை. எங்கள் பேரன் சலூன் நாற்காலியைக் கண்டாலே தெருவைக் கூட்டுகிறவன். அவனுக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. தமிழிலும் கன்னடத்திலும் இறக்கினேன்.

அப்புறம் வேலை ஆரம்பித்தது. இரண்டு மொழியையும் ஒரே கட்டில் போட வேண்டும். ஒரு பக்கம் திறந்தால் தமிழ் அட்டை, தமிழ்க் கதை. புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கம் திறந்தால் கன்னட அட்டை, கன்னடக் கதை. இரண்டும் நடுப்பக்கத்தில் வந்து முட்டிக்கொள்ளும். பக்கம் அடுக்குவதற்கு முதலில் காலித்தாளை மடித்து, ஒவ்வொரு பக்கத்திலும் பென்சிலால் எண் போட்டு ஒரு மாதிரி செய்துகொண்டேன். நாற்பது வருஷத்துக்கு முன்னால் சாமராஜப்பேட்டை அச்சகத்தில் மேஸ்திரி எனக்கு முதல் நாள் சொல்லிக்கொடுத்த வேலை அதுதான். தெருமுனை டிடிபி கடையில் கொஞ்சம் கனத்த தாளில் இரண்டு பக்கமும் கலரில் எடுத்தேன். எல்லாம் சேர்த்து 400 ரூபாய்க்குள் முடிந்தது. எழுதியவர், வரைந்தவர் பெயர் இருக்கும் பக்கத்தை இரண்டு மொழியிலும் சேர்த்தேன். வேலை செய்தவன் பெயரை வெட்டி எறியும் பழக்கம் எங்கள் தொழிலில் கிடையாது. கம்பி போடாமல் நடுவில் மெழுகு தடவிய நூலால் தைத்தேன். உங்களுக்கு அவ்வளவு வேண்டாம், நீளக் கை ஸ்டேப்ளர் இருந்தால் போதும், டிடிபி கடையிலேயே இருக்கும். முனையை மட்டும் உள்ளே நன்றாக மடக்கிவிடுங்கள்.

போன கிறிஸ்துமஸ் மத்தியானம் சம்பந்தி வீட்டார் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார்கள். பிரியாணி முடிந்து, அஜ்ஜி சோபாவிலும் ஆயா கீழே பாயிலும் உட்கார்ந்திருந்தார்கள். பேரன் புத்தகத்தோடு ஆயா மடியில் ஏறினான். அவள் படித்து முடித்தாள். ஸ்ரீனிவாசின் முடியைப் பார்த்துவிட்டுத் தன் தலையைத் தடவிக்கொண்டான். எழுந்தான். மூன்றரை வயது, தமிழில் 'அ' தெரியாது, கன்னடத்தில் 'ಅ' தெரியாது. சோபாவை நோக்கி நாலு எட்டு வைத்தவன் பாதி வழியில் நின்றான். கையிலிருந்த புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பினான். பிறகு அஜ்ஜியிடம் கொடுத்தான்.

யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. எந்தப் பக்கம் எந்த மடிக்கு என்று அவனே கண்டுபிடித்து வைத்திருந்தான்.

இப்போது அந்தப் புத்தகத்தின் மூலைகளெல்லாம் உருண்டுவிட்டன. நடுத்தையல் ஒரு முறை அவிழ்ந்து, நான் மறுபடி தைத்தேன். டிசம்பர் வருகிறது. இரண்டாவதாகப் பிறந்த பேத்திக்கு ஆறு மாசம். கறுப்பு வெள்ளையில் நாலு அட்டை வெட்டி வைத்திருக்கிறேன், மூலையை இனிமேல்தான் மழுக்க வேண்டும்.